செர்ரி மலையில் ஒரு ஜோடிப் படம்

போன மாதம் கடலூரில் எங்கள் போட்டோகிராபர்கள் சங்கக் கூட்டம். நான் வேலையை விட்டுச் சில வருஷங்கள் ஆகிவிட்டாலும், கூப்பிட்டால் போய்விடுவேன். வடை நன்றாக இருக்கும். அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி ஒருவர் தன் போனைக் காட்டினார். சில்வர் பீச்சில் நிற்கும் ஒரு புதுமண ஜோடி. பின்னால் கடலைக் காணோம். மலை முழுக்க செர்ரிப் பூ.

"சித்திர வெயில்ல எடுத்தது, அக்கா. ஏஐ-கிட்ட பூ வேணும்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும், அதுவே போட்டுடுது" என்றார்.

படம் அழகாகத்தான் இருந்தது. கடற்காற்றில் மாப்பிள்ளையின் வேட்டி ஒரு பக்கம் பறக்க, பூக்கள் மட்டும் எதிர்ப்பக்கம் பறந்துகொண்டிருந்தன.

"நீங்க நெஜமாவே ஜப்பானுக்குப் போயி எடுத்தீங்களாமே? அங்க போயி இன்னாக்கா எடுத்தீங்க?"

"ஒரு சண்டைய எடுத்தேன்" என்றேன்.

அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். பிறகு நான் சிரிக்காததைப் பார்த்து, "அப்ப எழுதிக் குடுங்க, நம்ம சங்க மலர்ல போடலாம்" என்றார். எழுதுகிறேன்.

சிதம்பரம் கீழவீதியில் ஒரு ஸ்டுடியோவில் என் வாழ்க்கை கழிந்தது. படங்களுக்கு ஓரம் வெட்டுவதற்காகச் சேர்ந்தேன். பிறகு பிலிம் கழுவினேன், பிறகு முகத்தில் உள்ள வடுக்களைப் பென்சிலால் தொட்டு மறைத்தேன். ஒருநாள் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த பெண்கள், பொம்பளை யாராவது எடுத்தால்தான் உட்காருவோம் என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றார். அதோடு நான் போட்டோகிராபர் ஆனேன். படிப்பு என்று சொன்னால் அவ்வளவுதான்.

முதலாளி பெயர் கோதண்டபாணி. அவர் வாடிக்கையாளரிடம் "சிரிங்க" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. "சிரிக்கச் சொன்னா பல்லுதான் வரும்" என்பார். அவர் பார்ப்பது தோளை. ஸ்டூலில் உட்கார்ந்ததும் எல்லாருக்கும் தோள் காதுவரை ஏறிவிடும். அது இறங்கும்வரை எடுக்க மாட்டார். இறக்குவதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கேமராவைச் சரிசெய்துவிட்டு, பட்டனோடு சேர்ந்த நீள ஒயரைக் கைக்குள் மறைத்துக்கொண்டு விளக்குப் பக்கம் போவார். "இந்த லைட்டு ஒண்ணு, உசுர வாங்குது" என்று முனகிக்கொண்டே விளக்கை ஒரு பக்கம் திருப்புவார். மறுபடி இருந்த இடத்துக்கே திருப்புவார். அதற்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அவர்மேல் ஒரு இரக்கம் வந்துவிடும். தோள் தானாக இறங்கும். அந்த நொடியில் கைக்குள் பட்டனை அழுத்திவிட்டு, "சரி, எழுந்திரிங்க" என்பார். "எப்ப எடுத்தீங்க?" என்று கேட்காத ஆளே கிடையாது.

பாவம், அந்த ஸ்டுடியோவில் லைட்டு எப்போதும் ரிப்பேர் என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு எலக்ட்ரீஷியன் தன் கல்யாணப் படம் நன்றாக வந்த சந்தோஷத்தில், கூப்பிடாமலே வந்து விளக்கைக் கழற்றிச் சரிபார்த்துவிட்டுப் போனார். முதலாளி அதற்கும் நன்றி சொன்னார்.

அவரிடம் நான் கஷ்டப்பட்டுக் கற்றது பூவை எடுப்பது. கல்யாணப் பெண்ணின் தலை கறுப்பு, அதில் வைத்த மல்லிகை வெள்ளை. கறுப்பை நம்பி வெளிச்சம் வைத்தால் பூ சுண்ணாம்பு அப்பினதுபோல் வெளுத்துவிடும். பூவை நம்பி வைத்தால் பெண் கறுத்துவிடுவாள், பெண் வீட்டார் கோபித்துக்கொள்வார்கள். "ரெண்டையும் நம்பாத. உன் உள்ளங்கைய நம்பு" என்பார். அதே வெளிச்சத்தில் உள்ளங்கையை நீட்டி அளந்துகொண்டு, அதிலிருந்து கொஞ்சம் கூட்டிவைக்க வேண்டும். உள்ளங்கை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே நிறம். நான் ஓய்வு பெறும்வரை கல்யாண வீடுகளில் பிச்சை கேட்பதுபோல் கையை நீட்டிக்கொண்டே திரிந்தேன்.

இனி குறிஞ்சிப்பாடிக்காரர்கள்.

ராமலிங்கம் அண்ணன் அங்கே பம்புசெட் மோட்டார் கடை வைத்திருந்தவர். நிலமும் உண்டு. அவர் மனைவி தனலட்சுமி அண்ணி. ஒரே மகன் செந்தில் ஜப்பானில் ஒரு கார் கம்பெனியில் இன்ஜினியர். செந்திலுக்கும் பவித்ராவுக்கும் நடந்த கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். ஆல்பம் போட உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. இருவரும் இருக்கும் ஒரே குரூப் போட்டோவில் அவர் இடது ஓரம், அம்மா வலது ஓரம். நடுவில் குறிஞ்சிப்பாடியே நின்றிருந்தது.

சில வருஷம் கழித்து, விசா படத்துக்காக செந்தில் இருவரையும் ஸ்டுடியோவுக்கு அழைத்துவந்தார். அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்தார். அண்ணன் ஒரு கை தூரத்தில் கண்ணாடி முன்னால் தலைவாரிக்கொண்டிருந்தார். அண்ணி என்னைப் பார்த்து, "அவுர காலரை இறக்கி வுட்டுக்கச் சொல்லுங்க" என்றார். அண்ணன் காதில் விழுந்தது. அவர் அசையவில்லை.

நான் முழித்தேன். செந்தில் கண்ணால் சைகை காட்டினார். "அண்ணே, காலரை இறக்கி விட்டுக்கச் சொல்றாங்க" என்றேன். உடனே இறக்கிவிட்டுக்கொண்டார்.

"இறக்கிட்டேன்னு சொல்லுங்க" என்றார்.

"இறக்கிட்டாராம் அண்ணி."

"நா பாத்துட்டேன்னு சொல்லுங்க."

வெளியே வந்ததும் செந்தில் சொன்னார். "பல வருஷமா இப்படித்தான்க்கா. நான் காலேஜ் ஹாஸ்டல்லேர்ந்து லீவுக்கு வந்து பாக்கறேன், ரெண்டு பேரும் பேசிக்கல. எதுக்குன்னு அப்பாவக் கேட்டா 'உங்கம்மாவக் கேளு'ன்றார். அம்மாவக் கேட்டா 'உங்கப்பாவக் கேளு'ன்றாங்க. இன்னைக்கு வரைக்கும் தெரியாது." ஸ்டுடியோக் கதவைச் சாத்திவிட்டுத் தொடர்ந்தார். "அப்பாவுக்கு இந்த வருஷம் அறுபது. மணையில சேந்து உக்காருங்கன்னா ரெண்டு பேரும் முடியாதுன்றாங்க. பவித்ரா மாசமா இருக்கா. பொறக்கப்போற புள்ளைக்கு இதான்டா தாத்தா, இதான்டா பாட்டின்னு காட்ட ஒரு படமாவது வேணும். ஒண்ணா நின்னு, சிரிச்சிக்கிட்டு. ஏப்ரல்ல வரச்சொல்லிருக்கேன், அப்ப மலையெல்லாம் பூத்துக் கெடக்கும். பூவப் பாத்தாவது மனசு எளகாதா?" பிறகு, "நீங்க சொன்னா கேக்கறாங்கக்கா. உங்ககிட்ட பாஸ்போர்ட் இருக்கா?" என்றார்.

மகள் பிரசவத்துக்குத் துபாய் போனபோது எடுத்த பாஸ்போர்ட் இருந்தது. முதலாளி கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். கிளம்பும் அன்று ஒன்றே ஒன்று சொன்னார். "கேமராவெல்லாம் அங்கதான் செய்யறான். நம்ம கேமரா பைய அங்க வெளில காட்டாத, ஓரமெல்லாம் எலி கடிச்சிருக்கு."

ஜப்பானில் மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே என்று நான் கவலைப்பட்டேன். தேவைப்பட்டது தமிழிலிருந்து தமிழுக்கு. விமானத்தில் நடு சீட் எனக்கு. ஜன்னலோரம் அண்ணன், வழியோரம் அண்ணி.

"அந்த ஜூஸ்ல சக்கரை ஜாஸ்தி, குடிக்க வாணான்னு சொல்லுங்க."

"அது தெரியும்னு சொல்லுங்க."

"தெரிஞ்சா ஏன் வாங்கினாராம்?"

"அவுங்களுக்குத்தான் வாங்கி வச்சேன்னு சொல்லுங்க."

ஜூஸ் என் கை வழியாக அண்ணி பக்கம் போனது. நான் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தபோது, இருவரும் என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சொல்ல வேண்டியது நிறையச் சேர்ந்திருந்தது.

செந்திலும் பவித்ராவும் எங்களைக் கூட்டிப்போனது ஒரு பெரிய மலைக்கு. அடிவாரத்தில் இறங்கியதும் செந்திலுக்கு முகம் செத்துவிட்டது. பூவெல்லாம் கொட்டி முடிந்து, மரங்கள் சிவப்பாகத் துளிர்விட்டு நின்றன.

"பூவும் இல்ல, எலயும் இல்ல. இதுக்கா இத்தன தூரம்னு கேளுங்க" என்றார் அண்ணன். யாரைக் கேட்பது என்று சொல்லவில்லை.

அங்கே கடை வைத்திருந்த ஒரு அம்மா பவித்ராவிடம் விளக்கினார். கீழே முதலில் பூக்குமாம். பிறகு மலையின் இடுப்பு, கடைசியில் தலை. குளிர் மேலே ஏற ஏறப் பூவும் பின்னாலேயே ஏறுமாம். இன்றைக்குப் பூ இடுப்பில் இருக்கிறது, பஸ் பிடித்துப் போங்கள் என்றார்.

போனோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் எல்லாரும் எதிரே பார்த்தோம். எதிர்ச்சரிவு முழுக்க, பள்ளத்தாக்கிலிருந்து மேலே பார்க்கப் பார்க்க வெளுத்த ரோஸ் நிறத்தில் அடுக்கடுக்காக மரங்கள். இடையிடையே ஊசியிலை மரங்கள் கரும்பச்சையில் நின்றன. காற்று அடித்தால் ஒரு சரிவிலிருந்து இதழ் கிளம்பி அடுத்த சரிவுவரை போனது. நான் பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டை எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன். அது நம்மைச் சுற்றிக்கொள்ளும். இது எதிரே நின்று காட்டிக்கொள்கிறது.

எடுப்பது சுலபமில்லை. வானம் வெள்ளை மூடாக்கு. அதன்மேல் வைத்தால் பூ தெரியாது, அழுக்குத் துணிபோல் சாம்பலாகிவிடும். கருத்த மரங்களின் மேல் வைத்தால் வெந்து வெளுத்துவிடும். அங்கே கேமரா ஸ்டாண்டுகளை வரிசையாக நிறுத்திக்கொண்டு ஜப்பான் தாத்தாக்கள் காத்திருந்தார்கள். நான் அவர்கள் நடுவில் போய் நின்று உள்ளங்கையை நீட்டினேன். பக்கத்தில் இருந்த தொப்பிக்காரத் தாத்தா மழை வருகிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு, அவரும் கையை நீட்டினார். பெரிய லென்ஸைப் போட்டு, தூரத்துச் சரிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி வைத்தபோதுதான் மலை படத்துக்குள் வந்தது. ஜமக்காளங்களை மடித்து அடுக்கியதுபோல் இருந்தது.

மலை வந்துவிட்டது, ஜோடிதான் வரவில்லை. அண்ணன் மரத்தடியில் குடும்பங்கள் நீலப் படுதா விரித்துச் சாப்பிடுவதைப் பார்த்து, "நெல்லு காயவைக்க நல்ல படுதா" என்று ஓரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து அவருக்கு இடம் விட்டார்கள். அண்ணி ஒரு கிளையருகே மூக்கைக் கொண்டுபோய், "வாசனையே இல்லியே! இதுக்கா இத்தன கூட்டம்?" என்றார். கிளையைத் தொடக்கூடாது என்று பலகை வைத்திருந்ததால் பறிக்கவில்லை. ஆனால் குருவிகள் காம்போடு கடித்துப் போட்ட பூக்கள் தரையில் முழுசாகக் கிடந்தன. அவற்றைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டார். கைப்பையிலிருந்து நூல் எடுத்தார். நீளக் காம்பு, கட்டுவதற்குத் தோதாக இருந்தது. நாலைந்து ஜப்பான் பெண்கள் சுற்றி நின்று அந்த விரல்களையே பார்த்தார்கள். ஒரு சரம் கட்டித் தலையில் வைத்துக்கொண்டதும் கைதட்டினார்கள்.

நான் அண்ணனையும் அண்ணியையும் நிற்கவைத்தேன். அவர்களுக்கு நடுவில் ஒரு சைக்கிள் போகும். "கொஞ்சம் கிட்ட வாங்கண்ணே." அவர் வந்தார். அண்ணி அதே அளவு நகர்ந்தார். "சிரிங்கப்பா" என்று செந்தில் கத்தினார். பல்லுதான் வந்தது. நான் முதலாளியின் வித்தையைக் காட்டினேன். லென்ஸ் கெட்டுவிட்டதுபோல் கழற்றித் துடைத்து மாட்டினேன். அண்ணன் மோட்டார் கடைக்காரர் அல்லவா? "கொண்டாங்க, இன்னான்னு பாப்போம்" என்று கேமராவைப் பிடுங்கவே வந்துவிட்டார். அதோடு அந்த வித்தை போயிற்று. செந்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். இதற்காகத்தானே என்னை அவ்வளவு தூரம் கூட்டிவந்திருக்கிறார்கள்.

கொஞ்சம் மேலே ஒரு கோயில். எல்லாரும் ஏறிப் போனோம், தொப்பிக்காரத் தாத்தாவும் கேமராவோடு பின்னால் வந்தார். அதன் முன்னால் மிகவும் வயதான ஒரு செர்ரி மரம். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, தானாக நிற்க முடியாமல், கிளைக்குக் கிளை கட்டைகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அடிமரத்துக்கு வைக்கோல் சுற்றியிருந்தது. அத்தனை தள்ளாமையிலும் மரம் தரை தொடப் பூத்திருந்தது. பின்னால் மலை முழுசாகத் தெரிந்தது. இடம் நன்றாக இருக்கிறதே என்று கேமராவைக் கண்ணில் வைத்து அளவு பார்த்தேன். அண்ணியும் அண்ணனும் மரத்தைப் பார்த்தபடி, யதேச்சையாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

அண்ணி மரத்தைப் பார்த்தே சொன்னார். "வுழற மரத்துக்கே முட்டு குடுத்து வச்சிருக்கானுவ. நிக்கிற மரத்த வெட்டிப் போட்டவங்களும் ஊருல இருக்காங்க."

நான் இதை யாருக்குச் சொல்ல வேண்டும் என்று யோசிப்பதற்குள் அண்ணன் திரும்பினார். என் பக்கம் திரும்பவில்லை.

"நிக்கிற மரமா? வேரு பூரா கரையான்! அடுத்த புயல்ல வூட்டு மேல வுழுந்திருந்தா தெரியும்."

"எத்தினி புயலப் பாத்த பலா மரம் அது! நா அம்மா வூட்டுக்குப் போன நேரம் பாத்து வெட்டனீங்க."

"நீ இருந்தா வெட்ட வுட்டிருப்பியா?"

"கார் ஷெட்டு கட்டணும்னு வெட்டனீங்க. ஷெட்டு நிக்குது. கார் எங்க?"

"வாங்கினா நீ ஏறுவியா? பேசவே மாட்டேன்ற, கார்ல எப்படி ஏறுவ?"

பின்னால் நின்ற செந்தில் முன்னால் வந்தார். "பலா மரமா?" என்று யாரிடமோ கேட்டார். பவித்ரா அவர் வாயைப் பொத்தினாள். என் விரல் தானாக அழுத்திக்கொண்டே இருந்தது.

"அதுல எம்மாம் பழம் காச்சிச்சு! ஒரு வார்த்த கேட்டீங்களா? வந்து பாக்கறேன், அடிக்கட்டதான் இருக்கு. எல்லாத்தையும் வெறகுக்கு வித்துட்டு..."

"யாருடி வித்தா?" அண்ணனின் குரல் உடைந்துவிட்டது. விரலை நீட்டினார். "கூடத்துல ஊஞ்சப் பலக எதுல செஞ்சேன்னு நெனச்ச? அந்த மரத்துலதான். அறுத்து, காயவச்சி, உனக்குன்னு செஞ்சி மாட்டனேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு நா உக்காந்தியா அதுல?"

அண்ணி வாய் திறந்தபடி நின்றார். "அந்த... அந்தப் பலகையா? ஏன் சொல்லல எங்கிட்ட?"

"நீ பேசினாத்தான சொல்றது!"

"யார்கிட்டயாவது சொல்லி வுட்டிருக்கலாம்ல?"

"அதப் போயி இன்னொருத்தர்கிட்ட சொல்லி வுடுவாங்களா?"

அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. கிழமரம் இதழைக் கொட்டியது. அண்ணி அழுதார், அழுதுகொண்டே திட்டினார். அண்ணன் துண்டைத் தேடினார், ஸ்வெட்டர்தான் இருந்தது, அதன் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரும் திட்டினார். சுற்றியிருந்தவர்கள் மெல்ல நகர்ந்து இடம் விட்டார்கள். என்ன ஆயிற்று என்று தொப்பிக்காரத் தாத்தா பவித்ராவிடம் பயந்து கேட்டார். பல வருஷம் கழித்து இப்போதுதான் பேசிக்கொள்கிறார்கள் என்று அவள் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றி இருவருக்கும் நன்றாகக் குனிந்து வணக்கம் வைத்தார். அண்ணன் திட்டை நடுவில் நிறுத்தி, கைகூப்பி, "வணக்கமுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி தொடர்ந்தார்.

கீழே இறங்கும் பஸ்ஸிலும் தொடர்ந்தது. யார் கல்யாணத்துக்கு யார் வரவில்லை, எந்த வருஷம் கடலைக்காய் எப்படிப் போயிற்று என்று விட்டுப்போன வருஷங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். "அக்கா, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன். பஸ்ல எல்லாரும் பாக்கறாங்க" என்றார் செந்தில். எனக்கு அந்த வேலை போய்விட்டது என்றேன். திரும்பும் விமானத்தில் ஜன்னல் சீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தேன்.

எடுத்த படங்களில் ஒன்று நின்றது. அண்ணன் விரல் நீட்டியபடி, அண்ணி இடுப்பில் கைவைத்தபடி, இருவர் வாயும் முழுசாகத் திறந்திருக்கிறது. அண்ணி தலையில் அந்தச் சரம், ஒவ்வொரு இதழும் தனியாகத் தெரிகிறது. பின்னால் மலை. நடுவில் பறக்கும் பூ. இருவருக்கும் தோள் இறங்கியிருந்தது.

செந்திலுக்குப் பிடிக்கவில்லை. "புள்ளைக்கு இதையா காட்டறது?" என்று யாரோ தெரிந்தவரிடம் கொடுத்து, கம்ப்யூட்டரில் வாயை மூடி, விரலை மடக்கி, புன்னகை வைத்து, பெரிதாகச் சட்டம் போட்டு வீட்டுக்கு அனுப்பிவைத்தார். பிரித்துப் பார்த்த அண்ணி எனக்குப் போன் செய்தார்.

"கலா, யாரு இவுங்க ரெண்டு பேரும்? எங்க மாதிரியே சட்ட துணி போட்டுக்கிட்டு நிக்கறாங்க?"

பின்னாலிருந்து அண்ணன் குரல் கேட்டது. "அவ சொல்றது சரி. இவுங்க எங்களுக்கு வாணாம். எங்களயே அனுப்பி வுடுங்க."

அனுப்பினேன். போன தைப்பூசத்துக்கு வடலூர் போய்விட்டுத் திரும்பும் வழியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் படம் மாட்டியிருந்தது. அண்ணி ஊஞ்சலில் உட்கார்ந்திருக்க, மடியில் லீவுக்கு வந்திருந்த பேத்தி. குழந்தை படத்தைக் காட்டி, தானும் வாயை அகலமாகத் திறந்து விரலை நீட்டியது. நான் டீயை வாங்கிக்கொண்டு, "நல்லா இருக்கு, யார் முதல்ல பேசினது அப்ப?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டேன்.

"வேற யாரு? இவதான்" என்றார் அண்ணன்.

"நானா? நா மரத்தப் பத்திச் சொன்னேன். உங்ககிட்ட யாரு பேசினா? நீங்கதான் குறுக்க வந்து வுழுந்தீங்க."

"மரத்தப் பத்தி மரத்துக்கிட்டயா சொன்ன?"

"ஆமாம். மரத்துக்கிட்டதான் சொன்னேன்."

"கலா, பக்கத்துல நின்னது நீதான? நீயே சொல்லு" என்று இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

நான் டீயை ஒரே மடக்கில் குடித்தேன். படம் எடுக்கும்போது எனக்குக் காது கேட்காது என்று சொல்லிவிட்டு, வாசலில் கழற்றிப்போட்ட செருப்பைத் தேடினேன்.